உமி நீங்கினால்தான் சோறு: பேரையூர்ப் பக்கம் ஒரு குதிரைவாலி எந்திரத்தைச் சரிசெய்த பதிவு

சுவிட்சைப் போட்டதும் மோட்டார் உறுமியது, சுழலவில்லை. மூன்று நொடிக்குள் அணைத்துவிட்டேன். அதற்கு மேல் விட்டால் காயில் கருகிவிடும். மதுரை மாவட்டம் டி.கல்லுப்பட்டியில் மோட்டார் காயில் கட்டும் கடை வைத்திருக்கிறேன். இருபது வருடமாகக் கேட்டுப் பழகிய உறுமல்தான். ஆனால் அன்று எங்கள் ஊர்ச் சமுதாயக் கூடத்தில் என்னைச் சுற்றி ஒன்பது பெண்கள் நின்று பார்த்துக்கொண்டிருந்தார்கள். ஏழு வருடத்துக்கு முன்பு அவர்களுடைய மகளிர் குழுவுக்கு ஒரு திட்டத்தில் வந்த எந்திரம் அது, குதிரைவாலி என்னும் சிறுதானியத்தின் உமி நீக்குவதற்கானது. வந்த புதிதில் நாலைந்து மாதம் ஓடியிருக்கிறது. பிறகு தார்ப்பாய் போட்டு மூடியதோடு சரி.

நான் அந்தத் தார்ப்பாயை விலக்கப் போனதற்குக் காரணம் என் மகள். எட்டாம் வகுப்புப் படிக்கிறாள். பள்ளிக்கு சைக்கிள் மிதித்துப் போனால் பாதி வழியில் இறங்கித் தள்ளிக்கொண்டு போவதாக அவள் தோழி வந்து சொன்னாள். இரத்தம் எடுத்துப் பார்த்தோம். ஹீமோகுளோபின் 9.2. அந்த வயதுப் பிள்ளைக்கு 12 இருக்க வேண்டும். மருத்துவர் இரும்புச்சத்து மாத்திரையும் குடற்புழு மாத்திரையும் எழுதிக் கொடுத்துவிட்டு, வீட்டில் என்ன சாப்பிடுகிறீர்கள் என்று கேட்டார். காலையில் இட்லி, மதியம் சோறு, இரவு சோறு. எல்லாம் வெள்ளை அரிசி. சொல்லும்போதே எனக்குத் தொண்டை அடைத்தது, ஏனென்றால் எங்கள் ஒன்றரை ஏக்கர் மானாவாரியில் வருடம் தவறாமல் குதிரைவாலி விளைகிறது. களத்திலிருந்தே வியாபாரி மூட்டை கட்டிக்கொண்டு போய்விடுவார். நாங்கள் அதைச் சமைத்துச் சாப்பிட்டுப் பதினைந்து வருடம் இருக்கும்.

இது என் வீட்டுக் கதை மட்டுமல்ல. தேசியக் குடும்ப நல ஆய்வின் 2019–21 சுற்றில் தமிழ்நாட்டில் 15 முதல் 49 வயது வரையுள்ள பெண்களில் 53.4 விழுக்காட்டினருக்கு இரத்தசோகை என்று இருக்கிறது. ஐந்து வயதுக்கு உட்பட்ட குழந்தைகளில் 57.4. நம் தெருவில் இரண்டு பெண்கள் நின்றால் ஒருத்தி.

அன்று இரவு அப்பத்தாவிடம் கேட்டேன், நாம் ஏன் குதிரைவாலி சாப்பிடுவதை விட்டோம் என்று. ருசி பிடிக்காமல் போயிற்றா, ரேஷன் அரிசி வந்ததாலா? அவர் யோசிக்கவே இல்லை. "சோறு கசக்கவில்லை ஐயா, உலக்கைதான் கசந்தது" என்றார். ஒரு படி குதிரைவாலி குத்தி, புடைத்து, நாவி எடுக்க அரைப்பொழுது போகும். நெல்லின் உமி எளிதில் கழலும். இதற்கோ உமி பளபளவென்று இறுகி ஒட்டிக்கொண்டிருக்கும். மணியும் கடுகுபோலச் சிறியது. காட்டு வேலைக்குப் போய்விட்டு வந்து யார் குத்துவது? 2011இலிருந்து குடும்ப அட்டைக்கு அரிசி விலையில்லாமலே கிடைக்கிறது. உலக்கையைப் பரணில் போட்டதில் பெண்களைக் குற்றம் சொல்ல ஒன்றுமில்லை.

அப்பத்தா சொன்ன அந்த ஒரு வரிதான் எனக்கு வேலையைக் காட்டிக்கொடுத்தது. 2023ஆம் ஆண்டைச் சிறுதானிய ஆண்டு என்று ஐக்கிய நாடுகள் சபை அறிவித்தது. எங்கள் ஊரிலும் வந்து பேசினார்கள். சத்து பற்றிப் பேசினார்கள், விளைச்சல் பற்றிப் பேசினார்கள். இரண்டுக்கும் நடுவில் இருக்கிற உமியைப் பற்றிப் பேச்சு வரவில்லை. எங்கள் பக்கத்துத் தானியம் லாரி ஏறி மகாராஷ்டிரத்தில் நாசிக் வரைக்கும் போய், அங்குள்ள ஆலைகளில் தீட்டப்பட்டு, வெள்ளையாகப் பாக்கெட்டில் மதுரைக் கடைகளுக்குத் திரும்பி வருகிறது. விளைவித்தவர் வாங்க முடியாத விலையில். அதுவும் தவிடு போன பிறகு.

இனி எந்திரம்.

முதலில், மோட்டாரைச் சுழல வைக்க உதவும் கண்டன்சரைக் கழற்றினேன். இதை நீங்களே செய்வதாக இருந்தால் ஒரு எச்சரிக்கை: மின் இணைப்பைத் துண்டித்த பிறகும் கண்டன்சரில் மின்சாரம் தங்கியிருக்கும். ஹோல்டரில் மாட்டிய குண்டு பல்பின் இரண்டு வயரையும் அதன் இரு முனையிலும் வைத்துப் பிடியுங்கள், தங்கியது இறங்கிவிடும். ஸ்க்ரூ டிரைவரால் பொறி பறக்கத் தட்டிப் பார்க்கும் பழக்கம் வேண்டாம். மீட்டரில் வைத்தால், எழுதியிருந்த அளவில் பாதிகூடக் காட்டவில்லை. புதியது போட்டதும் மோட்டார் எழுந்தது. ஆனால் கரகரவென்று சத்தம். மணியை வீசி எறியும் சக்கரமான இம்பெல்லர் ஏறியிருக்கும் தண்டின் பேரிங் இரண்டும் வறண்டு, ஒன்றில் குண்டே உடைந்திருந்தது. 6205 எண், உள்விட்டம் 25 மில்லிமீட்டர். பம்புசெட்டுகளிலும் பரவலாகப் போடுகிற பேரிங்தான் என்பதால் மதுரை வெளிவீதிப் பக்கம் போன முதல் கடையிலேயே கிடைத்தது. தூசி புகாதபடி இருபுறமும் ரப்பர் மூடி போட்டதாகப் பார்த்து வாங்கினேன். உமித் தூசிக்கு அதுதான் தாங்கும்.

அடுத்து மின்சாரம். காலை பத்து மணிக்கு 225 வோல்ட் இருந்தது, மாலையில் பம்புசெட்டுகள் ஓடத் தொடங்கியதும் 185க்கு இறங்கியது. போதாக்குறைக்கு, மீட்டர் பெட்டியிலிருந்து எந்திரம் வரை நாற்பது மீட்டருக்கு ஒன்றரை சதுர மில்லிமீட்டர் வயர் இழுத்திருந்தார்கள். வீட்டு விளக்குக்குப் போடுகிற வயர். இரண்டு குதிரைத்திறன் மோட்டார் அதில் எழும்பவே திணறும். கண்டன்சர் போனதற்கும் அதுவே காரணம் என்பது என் கணிப்பு. நாலு சதுர மில்லிமீட்டர் கேபிள் மாற்றினேன், எர்த் குழி புதிதாகத் தோண்டினேன். காலையில் மட்டும் ஓட்டுவது என்று முடிவாயிற்று. தானியப் பெட்டியின் வாயை அடைத்து வைத்து, மோட்டார் முழு வேகம் எடுத்த பிறகே திறக்க வேண்டும் என்பதைச் சுவரிலேயே எழுதிவைத்தோம்.

மோட்டார் ஓடிவிட்டது. எல்லோருக்கும் மகிழ்ச்சி. ஐந்து கிலோ கொட்டினோம். வந்ததில் பாதிக்கு மேல் உமியோடு அப்படியே வந்தது. "அன்றும் இப்படித்தான் வந்தது, அதனால்தான் விட்டோம்" என்றார் மதினி. என் அண்ணன் மனைவி. குழுவின் பொருளாளரும் அவர்தான். அவர் அதைச் சொல்லியிருக்காவிட்டால் பழுது மோட்டாரோடு முடிந்தது என்று நான் கடைக்குத் திரும்பியிருப்பேன்.

இந்த எந்திரம் எப்படி வேலை செய்கிறது என்பதை இங்கே சொல்ல வேண்டும். நெல் ஆலையில் இரண்டு ரப்பர் உருளை எதிரெதிராகச் சுழன்று நெல்லைத் தேய்த்து உமியைப் பிரிக்கும். குதிரைவாலி மணி அதற்குப் பிடி கொடுக்காது. இதில் நடுவே இம்பெல்லர் சுழல்கிறது. விழுகிற மணியை வீசி எறிகிறது. மணி சுற்றுச்சுவரில் போய் மோதி, மோதிய வேகத்தில் உமி வெடித்துக் கழல்கிறது. அதன்பின் காற்று உமியை ஊதித் தள்ளிவிடும். ஆகவே எல்லாம் வேகத்தில் இருக்கிறது. வேகம் குறைந்தால் உமி பிரியாது, கூடினால் அரிசி குருணையாகிவிடும்.

தண்டில், பெல்ட் ஓடும் சக்கரமான புல்லி 3 அங்குலம். மோட்டாரில் 4 அங்குலம். மோட்டார் நிமிடத்துக்கு 1440 சுற்று. அப்படியானால் இம்பெல்லர் 1920 சுற்றுதான். அடிப்பகுதியில் இருந்த தகட்டைத் துடைத்துப் பார்த்தேன், 4000 வரை போகலாம் என்று பொறித்திருந்தது. எப்போதோ பெல்ட் மாற்றியவர் கையில் கிடைத்த புல்லியைப் போட்டிருக்கிறார். அவ்வளவுதான். ஏழு வருடம் ஒரு ஊருக்குக் குதிரைவாலிச் சோறு இல்லாமல் போனதற்குப் பாதிக் காரணம் அந்தப் புல்லி.

மோட்டாரில் 8 அங்குலப் புல்லி போட்டேன், 3840 சுற்று. உமி நன்றாகப் பிரிந்தது. ஆனால் கால் பங்கு நொறுங்கிப்போனது, எந்திரமும் அதிர்ந்தது. 7 அங்குலத்துக்கு இறங்கினேன், 3360 சுற்று. இம்பெல்லரின் விட்டம் 9 அங்குலம், கணக்குப் போட்டால் மணி நொடிக்கு ஏறத்தாழ 40 மீட்டர் வேகத்தில் போய் மோதுகிறது. அதில் பத்து தானிய மணிக்கு எட்டு, முதல் ஓட்டத்திலேயே உரிந்தது. உரியாததைப் பிரித்து இரண்டாவது முறை போட்டால் போதும்.

மோதும் சுவரில் ஒட்டியிருந்த ரப்பர் ஒரே இடத்தில் பள்ளம் விழுந்திருந்தது. அதை வாங்க அலைந்தேன். கன்வேயர் பெல்ட் விற்கும் கடையில் 8 மில்லிமீட்டர் துண்டு கிடைத்தது. வெட்டி, பசை தடவி, தலை பதிந்த போல்ட்டால் ஆறு இடத்தில் இறுக்கினேன். பசையை மட்டும் நம்பி விடாதீர்கள்; நான் அப்படித்தான் முதலில் செய்தேன், இரண்டாம் நாள் சூட்டில் ஒரு முனை கழன்று இம்பெல்லரில் உரசியது. நல்லவேளை, மதினி சத்தம் மாறியதைக் கேட்டு உடனே அணைத்துவிட்டார்.

பெல்ட்டுக்கு மூடி இல்லாமல் வந்த எந்திரம் இது. சேலை முந்தானையும் பின்னலும் உள்ளவர்கள் நிற்கிற இடத்தில் திறந்த பெல்ட் ஓடுவதை என்னால் பார்த்துக்கொண்டிருக்க முடியவில்லை. ஜன்னல் கிரில் துண்டுகளை வெல்டிங் வைத்து ஒரு கூண்டு செய்து பூட்டினேன். எண்ணூறு ரூபாய் செலவு. இந்தப் பதிவில் வேறு எதை விட்டாலும் இதை விடாதீர்கள்.

எந்திரத்தைச் சரிசெய்தும் இரண்டு வாரம் எனக்கு ஒன்று புரியாமல் இருந்தது. ஒருவர் கொண்டுவந்த தானியம் அழகாக உரியும்; அடுத்தவருடையது அதே வேகத்தில் பாதிகூட உரியாது. புல்லியை மாற்றலாமா என்று யோசித்துக்கொண்டிருந்தேன். கூடத்துக்கு வந்து உட்கார்ந்திருந்த அப்பத்தா ஒரு கை அள்ளி வாயில் போட்டுக் கடித்தார். "இது காயவில்லை" என்றார். மூட்டையிலேயே கிடந்து ஈரம் கோத்திருந்தது. உமி ஈரமாக இருந்தால் மெத்தென்று வளையும், வெடிக்காது. இரண்டு வெயில் காயவைத்துப் போட்டதும் உரிந்தது. அதிகம் காய்ந்தாலும் ஆகாது, அரிசி நொறுங்கும். பத்து முதல் பன்னிரண்டு விழுக்காடு ஈரம் என்பது படிப்பவர்கள் அளவு. எங்கள் அளவு, பல்லில் வைத்துக் கடித்தால் நசுங்காமல் டக்கென்று இரண்டாக உடைய வேண்டும். காயவைத்த சூட்டோடும் போடக்கூடாது, நிழலில் ஒரு இரவு ஆறட்டும்.

சலிப்பதும் அப்படித்தான். சிறிய மணியும் பெரிய மணியும் கலந்து போட்டால் ஒரே வேகம் இரண்டுக்கும் பொருந்தாது. கல் வேறு இம்பெல்லரைக் கெடுத்துவிடும். இப்போது யார் வந்தாலும் முதலில் மண் சல்லடை, பிறகு பெரிய கண் சல்லடை என்று இரண்டில் சலித்த பிறகுதான் பெட்டிக்குள் கொட்டுகிறோம். மூக்கில் ஈரத்துணி கட்டிக்கொள்வது கட்டாயம். உமித் தூசி நெஞ்சில் தங்கும்.

பத்து கிலோ தானியத்துக்கு இப்போது எங்கள் கணக்கு இது: அரிசி 6 கிலோ 400, குருணை 600 கிராம், உமியும் தவிட்டுத் தூசியுமாக 2 கிலோ 700, தேறாமல் நிற்பது 300 கிராம். குருணை உப்புமாவுக்கும் கஞ்சிக்கும். தூசியும் தேறாததும் கோழிக்கு. உமி கோழிக் கொட்டிலில் பரப்பி, எருவானதும் குழிக்குப் போகிறது.

வெளுக்கத் தீட்டும் எந்திரம் ஒன்றும் சேர்த்து வாங்கலாம் என்று குழுவில் சிலர் சொன்னார்கள். நான் வேண்டாம் என்று நின்றேன். தவிட்டு மேல்தோலில்தான் நார்ச்சத்தும் தாதுக்களும் பெரும்பங்கு இருக்கின்றன. அதைச் சீவி எறிவதற்காகவா இவ்வளவு பாடு? எங்கள் கல்லுப்பட்டி காந்தி நிகேதனில்தான் காந்தியப் பொருளியலாளர் ஜே.சி. குமரப்பா கடைசி வருடங்களைக் கழித்தார். 1934இல் தொடங்கிய அகில இந்தியக் கிராமக் கைத்தொழில் சங்கத்தை நடத்தியவர். தீட்டிய ஆலை அரிசி சத்தையும் பறிக்கிறது, கிராமத்தின் வேலையையும் பறிக்கிறது என்று அந்தச் சங்கம் கைக்குத்தலுக்காகப் போராடியது. அவர் மீது எனக்கு மிகுந்த மரியாதை. ஆனால் உலக்கையை மறுபடியும் பெண்கள் கையில் கொடுக்க எனக்கு மனம் வராது. எந்திரம் குத்தட்டும், அது நாசிக்கில் இல்லாமல் நம் ஊரில் நின்று குத்தட்டும். தவிட்டை நம்மிடமே விட்டுவைக்கட்டும்.

ஊருக்குள்ளேயே எந்திரம் இருப்பதில் இன்னொரு நன்மை, நாங்கள் ஓட்டிப் பார்த்த பிறகே தெரிந்தது. தவிட்டில் எண்ணெய்ப் பசை உண்டு. உமி நீக்கி வைத்த அரிசி ஒன்றிரண்டு மாதத்தில் சிக்கு வாடை அடித்துவிடும். ஆலைக்காரர்கள் தீட்டி வெள்ளையாக்குவதற்கு அதுவும் ஒரு காரணம். ஆனால் உமியோடு இருக்கிற குதிரைவாலி வருடக்கணக்கில் கெடாது. குலுக்கையில் போட்டு வைத்துப் பஞ்ச காலத்தை ஓட்டியிருக்கிறார்கள். ஆகவே தானியமாக வைத்துக்கொண்டு, இருபது நாளுக்கு வேண்டியதை மட்டும் அவ்வப்போது உரித்துக்கொள்கிறோம். வெளியூர் ஆலையை நம்பினால் இது நடக்காது.

காட்டில் செய்ததையும் சொல்லிவிடுகிறேன். வீட்டுக்கு வைத்துக்கொண்டால் விற்பனைக்குக் குறையும் என்ற பயம் எல்லோருக்கும் இருந்தது. ஆகவே விளைச்சலையும் கூட்ட வேண்டியிருந்தது. ஒரு ஏக்கரில் மட்டும் மாற்றிப் பார்த்தேன். சித்திரையில் பெய்த கோடை மழைக்குச் சரிவுக்குக் குறுக்காக உழுதேன்; அதுவரை டிராக்டருக்கு வசதியாக நெட்டுக்கு உழுதுகொண்டிருந்தோம், மழைத் தண்ணீர் அந்தச் சால் வழியே ஓடிக் கண்மாய்க்குப் போய்விடும். வட்டாட்சியர் அனுமதி வாங்கிக் கண்மாயிலிருந்து கரம்பை என்னும் வண்டல் மண் அடித்தேன். செவல் நிலத்துக்குக் கரம்பை போட்டால் இரண்டு மூன்று வருடத்துக்கு ஈரம் நிற்கும். விதை, யானைமலை அடிவாரத்தில் 1965இலிருந்து இருக்கிற மதுரை வேளாண் கல்லூரி வெளியிட்ட எம்.டி.யு 1 ரகம். எங்கள் பழைய விதையையும் கால் ஏக்கரில் தனியே போட்டுவைத்தேன், அதை இழக்கக்கூடாது என்று.

முன்பெல்லாம் ஏக்கருக்கு எட்டு கிலோ விதையை வீசிவிடுவோம். இம்முறை நாலரை கிலோ, மணலில் கலந்து, சாலில் வரிசையாக விதைத்தோம். ஆறு வரிசைக்கு ஒரு வரிசை துவரை, வரப்போரம் தட்டைப்பயறு. புரட்டாசி மழைக்கு முன் புழுதி விதைப்பு. முளைத்த பதினெட்டாம் நாள் களை எடுத்து, நெருக்கமாக இருந்த பயிரைக் கலைத்தும் விட்டோம். வரிசையாக இருந்ததால் மூன்று ஆள் கூலி மிச்சம்.

எல்லாம் நன்றாக நடக்கவில்லை. விதைத்த மூன்றாம் நாள் பலத்த மழை. மேல்பக்கம் பத்து சென்ட் அளவுக்கு விதை அடித்துக்கொண்டு போனது. அங்கே மறுபடி விதைத்தது பட்டம் தவறிக் குருத்து ஈயில் பாதி போயிற்று. கதிர் பால் பிடிக்கும்போது மயில்கள். அவற்றை விரட்டலாமே தவிர ஒன்றும் செய்யக்கூடாது, பாதுகாக்கப்பட்ட பறவை. விடிகாலையும் மாலையும் நானும் மகளும் போய்த் தகரம் தட்டினோம். அப்படியும் தைக் களத்தில் 430 கிலோ வந்தது. முந்தைய வருடங்களில் அதே ஏக்கரில் 260க்கு மேல் கண்டதில்லை. எந்த மாற்றம் எவ்வளவு கொடுத்தது என்று பிரித்துச் சொல்ல என்னால் முடியாது. மழையும் நன்றாகவே பெய்தது. துவரை 45 கிலோ, தட்டைப்பயறு 38 கிலோ. தாளை இரண்டு மாடும் மாசி வரை தின்றன.

430இல் 150 கிலோவை வீட்டுக்கு என்று எடுத்து வைத்தோம். அரிசியாக 96 கிலோ, மாதம் 8 கிலோ. ஐந்து பேருக்கு வாரம் மூன்று வேளை. மீதியை விற்றதே பழைய வருடத்தின் மொத்த விற்பனையைவிட அதிகம். பயறு இரண்டையும் விற்கவே இல்லை.

சமையலில் முதல் மாதம் சண்டைதான். நெல்லரிசிக்கு வைப்பதுபோல வைத்தால் குழைந்துவிடும். அரை மணி நேரம் ஊறவைத்து, ஒன்றுக்கு இரண்டரைத் தண்ணீர் கொதித்த பிறகு போட்டு, அடுப்பைக் குறைத்து மூடி, இறக்கிய பிறகு பத்து நிமிடம் திறக்காமல் விட்டால் உதிரியாக வரும். என் அம்மா அதைச் சுண்டைக்காய் வற்றல் குழம்போடு போட்டதும்தான் அப்பா மறுபேச்சு இல்லாமல் சாப்பிட்டார்.

ஒன்றை நேர்மையாகச் சொல்ல வேண்டும். குதிரைவாலி சாப்பிட்டால் இரத்தம் ஊறிவிடும் என்று சொல்பவர்கள் இருக்கிறார்கள். தானியத்தில் உள்ள இரும்பில் சிறு பங்கைத்தான் உடல் எடுத்துக்கொள்ளும். தவிட்டில் உள்ள ஃபைட்டேட் என்ற பொருள் அதைத் தடுத்துப் பிடிக்கும். புளிப்பான பழமோ எலுமிச்சையோ நெல்லிக்காயோ கூடச் சேர்ந்தால் எடுத்துக்கொள்வது கூடுகிறது. சாப்பிட்ட கையோடு தேநீர் குடித்தால் குறைகிறது. எங்கள் வீட்டில் இந்தத் தேநீர்ப் பழக்கத்தை மாற்றியதுதான் எல்லாவற்றிலும் கடினமாக இருந்தது. இப்போது ஒரு மணி நேரம் தள்ளிக் குடிக்கிறோம். குளியல் தண்ணீர் வீணாகப் போன வாய்க்கால் ஓரத்தில் பப்பாளியும் வாழையும் வைத்தோம். வேலியில் முருங்கை, அகத்தி. நாட்டுக்கோழி எட்டு; முட்டையைச் சந்தைக்கு அனுப்புவதை நிறுத்திப் பிள்ளைகளுக்கு என்று ஆக்கினார் அம்மா.

ஆறு மாதம் கழித்து மகளுக்கு 11.4. பெரும்பங்கு மருத்துவர் கொடுத்த மாத்திரைக்கே என்று நினைக்கிறேன். அதை நிறுத்திவிட்டுச் சிறுதானியத்தை மட்டும் நம்பச் சொல்லி யாரும் இதை எடுத்துக்கொள்ள வேண்டாம். மாத்திரை முடிந்த பிறகு மறுபடியும் இறங்காமல் இருக்கிறதா என்பதுதான் எங்கள் சாப்பாட்டுக்கான சோதனை. ஆடி மாதம் மறுபடி எடுக்கப் போகிறோம்.

கூடத்தில் புதன், சனி இரண்டு நாள் காலை எந்திரம் ஓடுகிறது. கிலோவுக்கு ஐந்து ரூபாய். அதில் ஒரு ரூபாய் தனி உண்டியலில் போகிறது, பேரிங்குக்கும் ரப்பருக்கும். அந்த உண்டியல் இல்லாததால்தான் முதல் தடவை நின்றது என்று மதினி பிடிவாதமாக வைத்திருக்கிறார். அவரே இப்போது பெல்ட் இறுக்குகிறார், கண்டன்சர் சோதிக்கிறார். எந்த நாள் எத்தனை கிலோ, யார் வீட்டுடையது, எவ்வளவு அரிசி என்று நோட்டில் எழுதுகிறார். முதல் மாதம் 140 கிலோ. நாலாவது மாதம் 610. பக்கத்து இரண்டு ஊர்களிலிருந்தும் சைக்கிளில் வைத்துக்கொண்டு வருகிறார்கள். அங்கன்வாடிப் பணியாளர் தன் வீட்டுக்கு உரிக்க வந்தவர், கருவுற்ற பெண்கள் உள்ள வீடுகளுக்கு முதல் முறை கூலி வாங்க வேண்டாம் என்று கேட்டுக்கொண்டார், குழு ஒத்துக்கொண்டது.

தீராத வேலை ஒன்று மிச்சம் இருக்கிறது. முதல் ஓட்டத்தில் உரியாத மணிகளை அரிசியிலிருந்து பிரிப்பது இன்னும் சொளகால்தான். பத்து கிலோவுக்கு ஒரு பெண் முக்கால் மணி நேரம் உட்கார்ந்து கொழிக்கிறார். உலக்கையை இறக்கிவைத்துவிட்டுச் சொளகை ஏற்றியதுபோல இருக்கிறது எனக்கு. உரிந்த அரிசி கனம், உமியோடு இருப்பது அதைவிட லேசு. சாய்வான தட்டை முன்னும் பின்னும் ஆட்டினால் இரண்டும் பிரிந்து ஓட வேண்டும். பழைய தையல் எந்திரத்தின் அடிக்கட்டு ஒன்று கடையில் கிடக்கிறது, மிதிப்பதை ஆட்டமாக மாற்றும் கம்பியோடு. அதில் ஒரு தகரத் தட்டைப் பொருத்தி, எத்தனை டிகிரி சாய்த்தால் பிரிகிறது என்று வருகிற சனிக்கிழமை மதினியோடு சேர்ந்து பார்க்கப் போகிறேன்.